சைக்கிளில் வந்த முஸாபிர்

'மிஸ்கீன், முஸாபிர்' என்று இரு சொற்களையும் சேர்த்தே சொல்லிப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தாலேயே, முஸாபிர் என்றவுடன் வாசலில் கையேந்தி நிற்கும் எளியவர் ஒருவரின் உருவம் நம்முள் பலருக்கு நினைவில் எழுகிறது. சொல்லின் பொருள் அதுவன்று. முஸாபிர் என்பவர் பயணி. சொந்த ஊரில் அவர் செல்வராகவும் இருக்கலாம். வழியில் நிற்கும் அந்த நேரத்தில் அவருக்கு வீடு இல்லை, உறவு இல்லை, அவ்வளவே. ஜகாத் பெறத் தகுதியுடையோர் என்று திருமறை எண்ணிக் கூறும் எட்டு வகையினருள் இறுதியாக இடம் பெற்றிருப்பவர் இவரே. அங்கே அவருக்கு வழங்கப்பட்டிருக்கும் பெயர் 'இப்னுஸ் ஸபீல்'. பாதையின் மகன் என்பது அதன் நேர்ப்பொருள். பெற்ற தாயும் தந்தையும் அருகில் இல்லாத இடத்தில் பாதையே பெற்றோராகிவிட்ட மனிதர்!

இக்காலத்தில் பாதையின் மகன் என்று யாரைச் சொல்வது? விமானத்தில் செல்பவர் பாதையைக் காண்பதே இல்லை. காரில் செல்பவருக்கு நான்கு கதவுகளும் கண்ணாடியும் காவல். எந்த ஊரில் இரவைக் கழிப்பது என்பதையும் அவரே முடிவு செய்துகொள்கிறார். இரண்டு சக்கரங்களின்மேல் அமர்ந்து, கூடாரத்தையும் தண்ணீரையும் இரண்டு நாள் ரொட்டியையும் பைகளில் கட்டித் தொங்கவிட்டு, பாலைகளையும் பனிமலைகளையும் கால்வலிமையால் மட்டுமே கடந்து செல்லும் சைக்கிள் பயணியை எண்ணிப் பாருங்கள். வெயிலுக்கும் அவருக்கும் இடையே திரை இல்லை. எதிர்க்காற்றுக்கும் இல்லை, மனிதர்களுக்கும் இல்லை. சூரியன் எங்கே சாய்கிறதோ அங்கேதான் அவருடைய ஊர். அந்த இடத்தில் ஒரு வீடு இருக்குமானால், அவ்வீட்டார் கதவைத் திறப்பார்களா என்பதைப் பொறுத்தே அவருடைய இரவு அமைகிறது.

பயணத்தின் கஷ்டத்தை நம் மார்க்கம் நன்கறிந்திருக்கிறது. நான்கு ரக்அத்துகளை இரண்டாகச் சுருக்கித் தொழ அனுமதி தந்ததும், நோன்பைப் பிறிதொரு நாளுக்குத் தள்ளிவைத்துக்கொள்ளச் சலுகை அளித்ததும் அதனாலன்றோ! எனினும் இக்கட்டுரை பேச வந்தது தொழும் பயணிகளைப் பற்றியன்று. 2017ஆம் ஆண்டில் பிரிட்டனைச் சேர்ந்த எட்டு முஸ்லிம்கள் லண்டனிலிருந்து மதீனாவுக்குச் சைக்கிள் யாத்திரை மேற்கொண்டார்கள்; அவர்களை எண்ணி நாம் மகிழ்வது இயல்பு. நம்மவரை நாம் வரவேற்பதில் வியப்பொன்றுமில்லை. முன்பின் அறியாத, நம் மார்க்கத்தைச் சேராத ஒருவர் தூசி படிந்த முகத்தோடு வந்து நிற்கும்போது நடப்பது என்ன என்பதே நாம் காண வேண்டியது.

இவ்வகைப் பயணம் புதியதன்று. முன்சக்கரம் மிகப் பெரிதாக இருந்த பழைய சைக்கிளில் 1884ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட தாமஸ் ஸ்டீவன்ஸ், துருக்கியைக் கடந்து பாரசீகம் அடைந்து, தெஹ்ரானில் பனிக்காலத்தைக் கழித்தார். ஆப்கானிஸ்தானுக்குள் அவரை விடவில்லை; பிடித்து ஹீராத் நகருக்குக் கொண்டுபோய்த் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர்கள் ஆறு பேர் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். பலூசிஸ்தான், பாரசீகம், பாக்தாதுக்கும் ஹலபுக்கும் இடைப்பட்ட பாலை, சினாய்ப் பாலை என்று அவர்கள் மிதித்துச் சென்ற நிலமெல்லாம் முஸ்லிம் மக்கள் வாழும் நிலம். அடி ஹகீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா என்னும் மூவரே 1928இல் சுற்றி முடித்துத் தாயகம் திரும்பினார்கள்.

இவர்களெல்லாம் ஆண்கள். தன்னந்தனியே ஒரு பெண் இவ்வழியில் வந்த வரலாறு ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அயர்லாந்து நாட்டின் லிஸ்மோர் என்னும் சிற்றூரில் 1931 நவம்பர் 28ஆம் நாள் பிறந்தவர் டெர்வ்லா மர்ஃபி. பத்தாவது பிறந்தநாளுக்குப் பெற்றோர் பழைய சைக்கிள் ஒன்றையும், பாட்டனார் பழைய உலகப்படப் புத்தகம் ஒன்றையும் பரிசளித்தார்கள். சில நாட்கள் கழித்து ஊருக்கருகே செங்குத்தான மேடொன்றில் ஏறிக்கொண்டிருந்த சிறுமி, மிதிக்கும் தன் கால்களையே குனிந்து பார்த்தாள். இப்படியே நெடுங்காலம் மிதித்துக்கொண்டிருந்தால் இந்தியாவுக்கே போய்விடலாமே என்று அவளுக்குத் தோன்றியது. பெரியவர்கள் சிரிப்பார்கள் என்று அதை மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

அந்த எண்ணம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்க நேர்ந்தது. தாயார் மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்தார். அவருக்குப் பணிவிடை செய்வதற்காகப் பதினான்காம் வயதில் பள்ளியை விட்ட டெர்வ்லா, பதினாறு ஆண்டுகள் அந்தப் பொறுப்பிலேயே கிடந்தார். தாய்க்கு ஊழியம் செய்வதன் சிறப்பை இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டுகளை அவர் மலர்ந்த முகத்தோடு கழித்தார் என்றும் சொல்வதற்கில்லை. கசப்பும் களைப்பும் நிறைந்த காலம் அது என்று பின்னாளில் அவரே மறைக்காமல் எழுதினார். செய்தார் என்பதுதான் செய்தி. 1961இல் தந்தையும் 1962இல் தாயும் மறைந்தனர். 1963 ஜனவரியில், ஐரோப்பாவே உறைந்து கிடந்த கடும் பனிக்காலத்தில், அவர் புறப்பட்டார்.

அவருடைய வாகனம் ஆர்ம்ஸ்ட்ராங் என்னும் பெயருடைய, ஆண்கள் ஓட்டும் கனமான சைக்கிள். அதிலிருந்த கியர் கருவியை முன்னதாகவே கழற்றிவிட்டார். ஆசியாவின் கரடுமுரடான சாலைகளை அந்த மெல்லிய கருவி தாங்காது என்பது அவருடைய கணிப்பு. மலைப்பாதை ஏறப் போகிறவர், ஏற்றத்துக்கு உதவும் கருவியையே எடுத்துவிட்டுப் போனார் என்றால் நமக்கு விசித்திரமாக இருக்கிறது. ஆனால் கெடுவதற்கு எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நிம்மதி என்பது நெடும்பயணிகளுக்குத் தெரிந்த கணக்கு. மாற்று டயர்களை வழியிலுள்ள நகரங்களுக்கு முன்கூட்டியே அனுப்பி வைத்தார். சட்டைப் பைக்குள் அடங்கும் சிறு கைத்துப்பாக்கி ஒன்றையும் எடுத்துக்கொண்டார்.

அந்தத் துப்பாக்கிக்கு வேலை இல்லாமல் போகவில்லை. யூகோஸ்லாவியாவின் பனிக்காட்டில் தம்மேல் பாய்ந்த ஓநாய்களை நோக்கிச் சுட்டதாக எழுதியிருக்கிறார். துருக்கியின் கிழக்குப் பகுதியிலும் ஈரானிலும் அவரிடம் முறைதவறி நடக்க முயன்ற மனிதர்களும் இருந்தார்கள். அவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள் என்பதை நாம் விழுங்கிவிட்டு, வாழ்த்துக்குரிய பகுதியை மட்டும் எடுத்துச் சொல்வது நேர்மையாகாது. ஆனால் அதே பெண்மணி ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த பிறகு எழுதிய பக்கங்களைப் படித்தால், நண்பர்களுக்கு அவர் அனுப்பிய நாட்குறிப்பின் தொனியே மாறிவிடுவதைக் காணலாம். ஊர்ச் சாயாக் கடைகளில், ஆண்கள் நிறைந்த கூடத்தில், அந்நிய நாட்டுப் பெண் ஒருத்தி தன் சைக்கிளைப் பக்கத்தில் சாய்த்துவிட்டுக் கண்ணயர்ந்திருக்கிறாள். ஆப்கானியர் மேல் அவர் கொண்ட அன்பு பித்து என்று சொல்லத்தக்க அளவினது.

அங்கேயும் அடிபட்டார். பேருந்து ஒன்றில் நடந்த கைகலப்பில் துப்பாக்கிக் கட்டை ஒன்று தவறிப் பட்டு விலா எலும்புகள் முறிந்தன. வலியோடேயே பாமியான் பள்ளத்தாக்கை அடைந்தார். அன்று மலைமுகத்தில் நின்ற மாபெரும் புத்தர் சிலைகள் 2001 மார்ச்சில் தகர்க்கப்பட்டன என்பது வாசகர் அறிந்ததே. கைபர் கணவாய் வழியாகப் பாகிஸ்தானை அடைந்தவர், வடக்கே சிலாஸ் பகுதியில் சிந்து நதிப் பள்ளத்தாக்கின் கொடும் வெப்பத்தில் வாடினார். அடுத்த சில நாட்களில், 4,170 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள பாபுசர் கணவாயில், பனிச்சரிவின்மீது சைக்கிளை இழுத்தும் தூக்கியும் நடந்தார். அனலுக்கும் பனிக்கும் இடையே சில நாட்களே. ஜூலை மாதத்தில் தில்லி வந்து சேர்ந்தார். வந்தவர் ஓய்வெடுக்கவில்லை, இமயமலை அடிவாரத்தில் திபெத்திய அகதிக் குழந்தைகளுக்குப் பணிபுரியச் சென்றார். இப்பயணத்தைப் பற்றிய அவருடைய முதல் நூல் 1965இல் வெளிவந்தது. தொண்ணூறு வயது வரை வாழ்ந்து 2022 மே மாதம் மறைந்தார்.

இன்று நெடும்பயணச் சைக்கிள்காரர்களின் மனத்தை ஈர்க்கும் பாதை அதற்கு வடக்கே இருக்கிறது. பாமிர் மலைகளைக் கடந்து செல்லும் அந்தச் சாலையைச் சோவியத் ஆட்சியினர் 1930களில் அமைத்தார்கள். கிர்கிஸ்தானின் ஓஷ் நகரிலிருந்து தஜிகிஸ்தானின் கோரோக் நகர் வரை ஏறக்குறைய 700 கி.மீ.; அங்கிருந்து தலைநகர் துஷான்பேக்கு இன்னும் 500 கி.மீ. அதன் உச்சி, 4,655 மீட்டர் உயரத்திலுள்ள ஆக்பைத்தால் கணவாய். காற்று அங்கே மிக மெலிந்தது. கடல்மட்டத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவில் ஐந்தில் மூன்று பங்குக்கும் குறைவே கிடைக்கும். நாலடி மிதித்துவிட்டு ஒரு முறை நின்று மூச்சு வாங்க வேண்டும். தாரில்லாத இடங்களில் சரளை மண், லாரிச் சக்கரங்கள் ஓடி ஓடிக் கூரைத் தகரம்போல் வரிவரியாக மடிந்து கிடக்கும். அதன்மேல் ஓடும் சைக்கிளில் ஆணிகள் தளர்கின்றன. பின்சக்கரத்துக் கம்பிகள் அறுகின்றன. ஓட்டுபவரின் மணிக்கட்டு மரத்துப் போகிறது. கோடையிலும் இரவில் போத்தல் தண்ணீர் உறையும். மலை என்று சொல்கிறோமே தவிர, முர்காப் நகரைச் சுற்றிய கிழக்குப் பாமிர் உண்மையில் உயரத்தில் விரிந்த பாலைவனமே. மரம் என்று ஒன்று அங்கே வளர்வதில்லை.

இந்த 'மரம் இல்லை' என்னும் சிறு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். அடுப்பெரிக்க விறகு இல்லை என்பது அதன் பொருள். சோவியத் காலத்தில் நிலக்கரி லாரிகளில் வந்தது. 1991க்குப் பின் அது நின்றுபோயிற்று. மக்கள் சாணத்தையும், 'தெரெஸ்கென்' என்னும் கட்டையான குறுஞ்செடியை வேரோடு தோண்டியும் எரித்தார்கள். அந்தச் செடி அந்தக் குளிரில் வளர்ந்து முதிர நெடுங்காலம் பிடிக்கும். ஊரைச் சுற்றி அது அழிய அழிய, மண் பறக்கிறது, மேய்ச்சலும் குறைகிறது. கோதுமை மாவும் தொலைவிலிருந்து லாரியில்தான் வர வேண்டும். 1992இல் தஜிகிஸ்தானில் உள்நாட்டுப் போர் மூண்டு பாதைகள் அடைபட்டபோது, பாமிர் மக்கள் பட்டினியின் விளிம்பில் நின்றார்கள். 1993 முதல் ஆகா கான் அறநிறுவனம் ஓஷ் வழியாக அனுப்பிய உணவே அவர்களைக் காத்தது.

அத்தகைய நிலத்தில், மாலை மயங்கும் நேரத்தில், உதடு வெடித்து முகம் கறுத்த ஓர் அந்நியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார். வீட்டுக்காரர் நெஞ்சில் கை வைத்து ஸலாம் சொல்கிறார். நாம் ஸுப்ரா என்று சொல்லும் விரிப்பை அவர்கள் தஸ்தர்கான் என்கிறார்கள், அது விரிக்கப்படுகிறது. ரொட்டியைப் பிய்த்து விருந்தாளியின் முன் வைக்கிறார்கள்; ரொட்டியைக் கவிழ்த்து வைப்பது அங்கே பெரும் அவமரியாதை. பாலும் உப்பும் வெண்ணெயும் கலந்த 'ஷீர்சாய்' கொதிக்கிறது. அந்தத் தேநீர் கொதித்தது எதன்மேல் என்பது விருந்தாளிக்குத் தெரியாது. வீட்டுப் பெண்மணிக்குத் தெரியும். இன்னொரு நாளுக்கென்று எடுத்து வைத்திருந்த செடிக்கட்டு அது.

மேற்குப் பாமிரிலும் வாகான் பள்ளத்தாக்கிலும் வாழ்வோரில் பெரும்பாலோர் இஸ்மாயிலி பிரிவினர். முர்காப் பக்கத்துக் கிர்கிஸ் மக்கள் ஸுன்னிகள். கொள்கையில் அவர்களுக்குள் வேறுபாடு உண்டு. விரிப்பை விரிப்பதில் வேறுபாடு இல்லை. பாமிரிகளின் பழைய வீடுகளில் ஒரே பெரிய அறை. மேலே, சதுரத்துக்குள் சதுரமாக அடுக்கிய சாளரம். கீழே ஐந்து மரத்தூண்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அலீ, ஃபாத்திமா, ஹஸன், ஹுஸைன் ஆகியோரின் பெயரால் அத்தூண்கள் அழைக்கப்படுகின்றன. ஐரோப்பாவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்த சைக்கிள்காரர், அத்தூண்களின் பெயர் இன்னதென்று அறியாமலே அவற்றின் நடுவே உறங்கி எழுகிறார்.

விருந்தளிப்போரை மட்டும் புகழ்ந்துவிட்டு நாம் நகர்ந்துவிடலாகாது. விருந்தாளிக்கும் கடமை உண்டு. விருந்தோம்பலுக்கு மூன்று நாள் என்று எல்லை வகுத்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அதற்கு மேல் அளிப்பது தர்மம் என்றார்கள். வீட்டாரைச் சங்கடத்துக்கு உள்ளாக்கும் அளவுக்குத் தங்கியிருப்பது விருந்தாளிக்கு ஆகாது என்றும் எச்சரித்தார்கள். சைக்கிள் பயணிகளில் சிலர் செலவே இல்லாமல் உலகம் சுற்றினோம் என்று பெருமை பேசுகிறார்கள். அது சரியன்று. செலவு இல்லாமல் போகவில்லை. அதை ஏற்றவர் வேறொருவர். வீட்டார் பணம் வாங்க மறுப்பார்கள் என்பதையறிந்து, தேநீர்க் குவளையின் அடியில் வைத்துவிட்டுப் புறப்படும் பயணிகளும் இருக்கிறார்கள். அடுத்த ஊரில் மாவும் சர்க்கரையும் வாங்கி, எதிரே போகும் லாரியில் கொடுத்தனுப்புவோரும் உண்டு. அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். எனினும் அண்ணலார் சொன்ன விருந்தாளியின் இலக்கணம் அவர்களிடம் இருக்கிறது.

இனிச் சொல்லப்போவது எழுதுவதற்கே கசக்கும் செய்தி.

2018ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள். ஏழு சைக்கிள் பயணிகள் துஷான்பேக்குத் தென்கிழக்கே தங்காரா வட்டாரத்தில் சாலையோரமாகச் சென்றுகொண்டிருந்தார்கள். கார் ஒன்று வேண்டுமென்றே அவர்கள்மேல் மோதியது. காரிலிருந்து இறங்கியவர்கள் கத்திகளால் தாக்கினார்கள். நால்வர் மாண்டனர். இருவர் அமெரிக்கர், ஒருவர் சுவிட்சர்லாந்தினர், ஒருவர் நெதர்லாந்தினர். ஐ.எஸ். என்னும் இயக்கம் அக்கொலைக்குப் பொறுப்பேற்றது. கொலையாளிகள் கொடியின் முன் அமர்ந்து உறுதிமொழி கூறும் படக்காட்சியையும் வெளியிட்டது. தஜிகிஸ்தான் அரசோ, தான் தடை செய்திருந்த ஓர் அரசியல் கட்சியின்மீது பழி சுமத்தியது; அக்கட்சி மறுத்தது. சைக்கிள் பயணி வழியில் கொலையுண்டது அதுவே முதன்முறையன்று. 1894இல் ஃபிராங்க் லென்ஸ் என்னும் அமெரிக்கர் துருக்கியின் கிழக்கு மலைப்பகுதியில் கொல்லப்பட்டார். ஆனால் அங்கே கொன்றவர்கள் தம் செயலுக்கு அல்லாஹ்வின் பெயரைச் சான்று கூறவில்லை.

இதைப் பற்றி மார்க்கம் சொல்வதில் மயக்கத்துக்கு இடமே இல்லை. பாதையை மறித்து உயிரையும் பொருளையும் பறிப்பவரைத் திருமறை மிகக் கடுமையான தண்டனைக்குரியோர் வரிசையில் வைக்கிறது. போர் நடக்கும் காலத்தில்கூட, இணைவைப்பவர் ஒருவர் அடைக்கலம் கேட்டு வந்தால் அவருக்கு அடைக்கலம் தந்து, அவர் அச்சமின்றி இருக்கக்கூடிய இடத்தில் கொண்டு சேர்க்குமாறு கட்டளையிடுகிறது. 'அமான்' என்று சட்ட நூல்கள் இதை விரித்துரைக்கின்றன. முஸ்லிம்களில் எளியவர் ஒருவர் அளித்த அமானையும் மற்றவர் அனைவரும் மதித்தாக வேண்டும். ஒரு நாட்டுக்குள் நுழைய அளிக்கப்படும் அனுமதியை இக்காலத்து அறிஞர்கள் பலர் அமான் என்றே கருதுகிறார்கள். அப்படியானால், விசாவோடு வந்த அந்த நால்வர் யாருடைய பாதுகாப்பில் இருந்தார்கள்? அவர்களுக்கு முந்தைய வாரங்களில் தேநீர் ஊற்றிக் கொடுத்த ஒவ்வொரு வீட்டாரும் தந்த பாதுகாப்பு எங்கே போயிற்று?

இப்ராஹீம் (அலை) அவர்களின் வாசலில் அந்நியர் வந்து நின்ற நிகழ்ச்சியை நீங்கள் பலமுறை ஓதியிருப்பீர்கள். வந்தவர்கள் வானவர்கள் என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள், எந்த மார்க்கத்தவர் என்ற கேள்வி எழுவதற்கு முன்பே, பொரித்த கன்று வந்தவர்களின் முன் வைக்கப்பட்டது. அவர்கள் கை நீட்டாததைக் கண்ட பிறகே அச்சம் தோன்றிற்று. உணவு முந்தியது, விசாரணை பிந்தியது. தங்காராவில் கத்தி எடுத்தவர்களும் அந்த நபியின் பெயரை ஒவ்வொரு தொழுகையிலும் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் கொலைச் செய்தி உலகெங்கும் அச்சான வாரத்திலும், பாமிர்ச் சாலையில் வேறு சைக்கிள்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் அன்றிரவும் எங்கோ ஒரு கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும். கூடாரம் தாங்காத காற்று அது. ஆண்டுகள் சில கடந்தும் அந்தச் சாலை அடியோடு வெறிச்சோடிப் போகவில்லை. பனி உருகியதும் மெலிந்த மனிதர்கள் பெரிய பைகளோடு ஏறி வருகிறார்கள். ஐந்து தூண்கள் உள்ள வீட்டில் இரவைக் கழித்து, காலையில் ரொட்டியைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். அதற்குள் வீட்டுச் சிறுவன் ஒருவன் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, காற்றுக் குறைந்திருக்கிறது என்று பம்பைத் தேடத் தொடங்கியிருப்பான்.